செங்கமலத்தை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப முடியாத காரணம்

கீரமங்கலம்,
1965, ஆனி மாதம்

நைரோபியில் உத்தியோகம் பார்க்கும் என் மாப்பிள்ளை ஆத்மநாதன் அவர்களுக்கு மாமனார் உடையப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மனைவி செங்கமலம், பசுமாடு எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத மனசு வரவில்லை. என் வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல செங்கமலம் எழுதுகிறாள். அவளை அனுப்ப முடியாது என்ற தந்தி இதற்குள் கிடைத்திருக்கும். தந்தியில் காரணம் சொல்ல இடமில்லை, அதனால் இந்தக் கடிதம்.

போன கடிதத்தில், நாடு நாடாகப் போய், ரோட்டுச் சட்டம் எப்படி இருக்கிறது, ரோட்டில் எப்படி நடக்கிறது என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். செங்கமலம் படிக்கக் கேட்டேன் மாப்பிள்ளை. ஒரு நாட்டில் சட்டம் உண்டு, பிடிக்கப் போலீஸ் இல்லை. இன்னொன்றில் போலீஸ் உண்டு, விரட்டிப் பிடிக்க வண்டி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, செக்கிங் இருக்கும் இடத்துக்கு முன்னாலேயே ஜனங்கள் இறங்கி, காட்டு வழியாக நடந்து, அங்கிட்டுப் போய் மறுபடி ஏறிக்கொள்கிறார்களாமே! இப்படியும் மனுசர் உண்டா? அந்தச் சீமைக்கு என் ஒரே பிள்ளையை அனுப்புவேனா? அன்றே தந்தி கொடுக்க அவளையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டை பஸ் ஏறினேன்.

நம்ம டிரைவர் வெள்ளைச்சாமி தங்கமான ஆள். பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். "பிரேக்கு இருக்கு மாமா, புடிக்கத்தான் கொஞ்சம் நேரமாவும்" என்றான். அதனால் தூரத்தில் மாடு தெரியும்போதே காலை வைத்துவிடுவான், அவ்வளவு நிதானம். ஹாரன் இல்லை, ஆனால் கண்டக்டர் அழகுமலை படியில் தொங்கிக்கொண்டு தகரத்தைத் தட்டி வருவான். மேலே பலாப்பழம், உள்ளே ஆடு, நின்றுகொண்டு வந்த என் தோளில் யார் வீட்டுப் பிள்ளையோ. ஆலங்குடிக்கு முன்னால் செக்கிங் என்று எதிர்வண்டிக்காரன் கையைக் காட்டினான். பொம்பளைகள் இருக்கட்டும், நின்று வருகிற ஆம்பளைகள் இறங்கிக் கடலைக்கொல்லை வழியாக வாங்க என்றான் அழகுமலை. எனக்கு வரப்பு பழக்கம், அதனால் நான்தான் முன்னால் நடந்தேன். இதை எழுதாதே செங்கமலம்.

அங்கிட்டுப் போய்க் காத்திருந்தோம். அதற்குள் இங்கிட்டு என்ன ஆச்சு என்றால், செக்கிங் ஆபீசர் பஸ்ஸைப் பார்த்து, எல்லா வண்டியும் இப்படி இருந்தால் எனக்கு வேலையே இல்லை என்று மெச்சியிருக்கிறார். அவருடைய ஜீப் கிளம்பவில்லை என்று அதே பஸ்ஸில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். எங்களுக்காக எப்படி நிறுத்துவான் வெள்ளைச்சாமி? எங்களைத் தெரியாதவன் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு வந்தான். உள்ளே என் பிள்ளை! துண்டை வீசிக்கொண்டு நடு ரோட்டில் நின்றேன். அவன் பிரேக் போட்டான். பிடிக்க நேரமாகும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பள்ளத்தில் குதித்தேன், கை போச்சு. ஆபீசர் இறங்கி வந்து, தப்பெல்லாம் நடந்து போகிற ஆள் மேல்தான் என்று என்னை வைதுவிட்டுப் போனார். நம்ம ஊரில் சட்டம் எவ்வளவு கறார் என்பதற்கு இதுவே சாட்சி. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டதும், செங்கமலத்தையே தந்தி ஆபீசுக்கு அனுப்பினேன்.

ஆகவே ஒழுங்கில்லாத அந்தத் தேசத்துக்கு அவள் வரமாட்டாள். மன்னிக்கவும். உங்கள் பெயர் கொண்ட ஆவுடையார்கோவில் சாமி உங்களையும், நீங்கள் ஏறும் வண்டிகளின் பிரேக்கையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உடையப்பன்

பின்குறிப்பு: அத்தான், அப்பா தூங்கிவிட்டார். இனி நானாக எழுதுகிறேன். "வருகிறேன்" என்று வந்த தந்திதான் சரி. அப்பா சொல்லி அனுப்பிய தந்தியை நான் கொடுக்கவே இல்லை. பம்பாய் கப்பலுக்குச் சீட்டு எடுத்து அனுப்புங்கள். ஒரு விஷயம்: இறங்கி நடந்து அங்கிட்டுப் போய் ஏறுகிறவர்களை ரிப்போர்ட்டில் ரொம்பத் திட்டாதீர்கள். முன்னால் நடக்கிறவர் யாருக்காவது அப்பாவாக இருப்பார்.