மூச்சண்ணே எடுத்த சிலந்திப் படம்

பிள்ளைகளா, அடுத்தவர் மூச்சு விட்டதற்காகச் சண்டை போட்ட மனிதர் ஈப்போவிலேயே எங்கள் மூச்சண்ணே ஒருவர்தான். கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர். லீவு நாளில் மூடிப்போன ரப்பர் தோட்டத்துக்குப் போய்ப் பூச்சிகளைப் படம் எடுப்பார். கூட்டாளி நான்.

"கிட்டப் போனா தெளிவா விழறது ஒரு தாள் கனம்தான்லா. நீ மூச்சு விட்டா இலை ஆடும், நான் விட்டா நானே ஆடுவேன்" என்பார். லென்சைத் திருக மாட்டார். உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, பூச்சியின் கண் தெளியும் நொடியில் அமுக்குவார். அப்படி மூச்சை அடக்கியே ஒருநாள் மயங்கிக் கால்வாயில் விழுந்தார். தூக்கப் போன என்னிடம், "அசையாதடா, தும்பி பறந்திடும்" என்றார்.

தைப்பூசத்தில் எங்கள் சூப்பர்வைசர் தன் மைத்துனர் காவடி எடுப்பதைப் படம் எடுக்க அண்ணனிடம் சொன்னார். வந்தது ஓர் எலுமிச்சம்பழம், அதன்மேல் ஓர் ஈ.

"என் மச்சான் எங்கய்யா?"

"பின்னால மஞ்சளா மங்கலா இருக்காரே, அவருதான். ஈயோட கண்ணைப் பாருங்க சார், என்னா தெளிவு."

அடுத்த ஒரு வாரம் அண்ணனுக்குக் கக்கூஸ் கழுவும் வேலை.

பிறகு அவர் படங்களே மங்கத் தொடங்கின. லென்சைத் திட்டினார், காற்றைத் திட்டினார், என்னைத் திட்டினார். கடைசியில் டாக்டர் சொன்னார்: இனிப்புநீர் நோய், அதுதான் சர்க்கரை வியாதி, கண்ணைத் தின்றுவிட்டது. இடது கண் போய்விட்டது, வலதும் நிலைக்காது.

"இருட்டாகறதுக்குள்ள குதிக்கிற சிலந்தி ஒண்ணு எடுத்திடணும்டா. கண்ணு கண்ணா தெரியணும்."

"ஆட்டோபோக்கஸ் போடுங்கண்ணே."

"மெஷின் பார்த்தா அது மெஷினோட படம். நீ பார்த்துச் சொல்லு. நீ மெஷின் இல்லல்ல?"

தோட்டத்தில், ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்குக் கிண்ணம் ஒன்று மரத்தில் தொங்கியது. அதன் விளிம்பில் அரிசியளவு சிலந்தி, எங்களையே பார்த்தபடி. அண்ணன் முழங்காலிட்டார். நான் கேமராவின் திரையைப் பார்த்துச் சொன்னேன்.

"முன்னாலண்ணே... இன்னும்... கொஞ்சம் பின்னால."

அமுக்கினார். சிலந்தி குதித்து மறைந்தது.

"கண்ணு தெரியுதா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகு மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கண்கள் வெறும் புகை. 'பின்னால' என்று நான் சொன்னது ஒரு நொடி தாமதம்.

"தெரியுதுண்ணே. எல்லாக் கண்ணும் தெரியுது."

பொய் சொன்னதற்காக உங்களை எத்தனை முறை கண்டித்திருக்கிறேன். அன்று என் வாயில் வந்தது அதுதான்.

அண்ணன் மரத்தடியில் உட்கார்ந்து கேமராவை என்னிடம் நீட்டினார். "பெரிசா பிரிண்ட் போட்டு என் வீட்டுல மாட்டுடா. வர்றவங்க பார்த்து எனக்குச் சொல்லட்டும்."

இரண்டு மாதத்தில் வலது கண்ணும் போனது. அதற்கு முன்பே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் கேமராவோடு நான் தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். கொசுக்கடியில் மதியம் வரை குப்புறக் கிடந்தேன். நூற்றுக்கணக்கில் வீணாக்கி, ஒன்றே ஒன்று கிடைத்தது. சிலந்தியின் கண்களுக்குள் ரப்பர் மரங்கள்கூடத் தெரிந்தன.

அந்தப் படத்தின் பிரிண்ட் வந்த அன்று, நீங்களும் அம்மாவும் வெளியே போயிருந்தபோது, அதன் பின்பக்கத்தில் அண்ணன் பெயரை எழுதினேன், அவர் எழுதுவதைப் போலவே எழுத்தை இடப்பக்கம் சாய்த்து.