பின்னச்சுக்கு வந்த பெருஞ்சீக்கு

உலகமே கவிழ்ந்தாலும் இந்தத் தடவை டிராக்டரை மச்சினனுக்குக் கொடுப்பதில்லை என்று சபதம் போட்டார் நல்லகாமன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சொன்னால் பெண்டாட்டி நாகஜோதிக்குக் கேட்டுவிடும். மச்சினன் தவசி அவளுக்கு ஒரே தம்பி.

உசிலம்பட்டிப் பக்கம் அத்தி பூத்தாற்போல் மழை பெய்திருந்தது. ஈரம் காயுமுன் தன் காட்டை உழுதாக வேண்டும். தவசி கைக்கு வண்டி போனால் உழவாவது, விதைப்பாவது! போன வருஷம் "ரெண்டே நாள் மச்சான்" என்று ஓட்டிப்போனான். வண்டி திரும்பி வந்தபோது சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இறக்கிவிடப் போனவரை, 'யாருய்யா நீ?' என்பதுபோல் அது முறைத்தது.

நாகஜோதி மாவுமில்லுக்குப் போன நேரம் பார்த்து, டிராக்டரின் பின்னச்சுக்குள் கழுத்து முட்ட ஆயிலை ஊற்றினார். அச்சின் தலைமேல் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மூச்சுத்துளை உண்டு. வண்டி ஓடிச் சூடேறினால் உள்ளிருக்கும் காற்று அது வழியாகத்தான் வெளியே போகும். காற்றுக்கு இடமே வைக்காமல் ஊற்றினால்? ஊரைச் சுற்றி ஓட்டி வந்தார். கண்மாய் மறுகால் போன மாதிரி, துளை வழியாக ஆயில் நுரைத்துப் பொங்கி வழிந்தது.

"ஏ ஜோதி! குடி முழுகிப்போச்சு! சீல் போச்சு, பேரிங் போச்சு, இனி வண்டிய அசைக்கக்கூடாது!"

அவள் வந்து தொட்டுப் பார்த்தாள். மோந்தாள். விரலை அவர் தோள்துண்டிலேயே துடைத்தாள்.

"ஓடுன ஆயிலு கரியாட்டம் இருக்கும்பீக. இது தேனாட்டம் மின்னுது?"

"அது... சீக்கு முத்துனதுக்கு அடையாளம்!"

"அய்யய்யோ!" என்று நெஞ்சில் கைவைத்தவள், அதே கையால் போனை எடுத்தாள். "தம்பி, மச்சான் வண்டிக்குப் பெரிய சீக்காம். ஓடியா."

ஈரக் காட்டில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த தவசி, மண்வெட்டியும் தோளுமாக அப்படியே வந்து நின்றான்.

"கவலைய விடுங்க மச்சான். எங்கூரு மெக்கானிக் இம்மானுவேலு கைபட்டா, செத்த வண்டியும் எந்திரிச்சு டீக்கடைக்குப் போகும். ஓட்டிட்டுப் போறேன்."

"அசைச்சா அச்சு ஒடிஞ்சிரும் மாப்ள!"

"ஒடியாது" என்றாள் நாகஜோதி. அடியில் ஒரு சட்டியை வைத்து, அச்சின் பக்கவாட்டில் ஆயில் அளவு காட்டும் பிளக்கை ஸ்பேனரால் கழற்றினாள். கூடுதலாய் இருந்தது குடுகுடுவென்று இறங்கி, தானே நின்றது. "குக்கர் நெறையப் பருப்பு வச்சா விசில் வழியாத்தேன் பொங்கும். இப்ப ஓட்டு தம்பி."

நல்லகாமன் துள்ளினார். "அப்ப வண்டிக்கு ஒண்ணுமில்லல்ல? இங்கனயே நிக்கட்டும்!"

"ஏங்க, சீல் போச்சு, பேரிங் போச்சுன்னு நீங்கதேன சொன்னீக? இல்ல, எந்தம்பிக்குக் குடுக்கக்கூடாதுன்னு பொய் சொன்னீகளா?"

தவசி அவர் முகத்தையே பார்த்தான்.

"பொய்யா? நானா? பேரிங் போனது போனதுதேன்."

"கேட்டியாடா? அவசரப்படாத. சீக்கு முழுசாக் குணமாச்சான்னு உன் காட்ட உழுது பாத்துட்டே கொண்டா."

டிராக்டர் தெருமுனை திரும்பி மறைந்தது.

"நம்ம காட்ட என்னத்த வச்சுடி உழுகிறது?"

"எந்தம்பி அதை யோசிக்காமலா போவான்? அவன் மம்பட்டிய உங்களுக்குன்னு வச்சுட்டுத்தேன் போயிருக்கான்."