பின் அறைக் கூட்டமும் நான் பிடுங்கிய பிளக்கும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் அடுத்த வரியிலேயே பொய் என்று தெரிந்துவிடும், அதனால் விட்டுவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பாத்திரம் கழுவுவார்கள், இது பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் சொல்கிற சமாச்சாரம் இல்லை. அஞ்சாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள், படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வேனை எடுத்துக்கொண்டு வந்து என்னையும் என் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். உங்கள் மாப்பிள்ளை போய்ச் சேர்ந்த அன்றைக்கே கூப்பிட்டீர்கள். “எனக்கென்னண்ணா, என் வீட்ல நான் ராணி மாதிரி இருப்பேன்” என்று எல்லார் முன்னாலும் முறுக்கிக்கொண்டேன். அந்த ராணிக்கு இப்போது தெருவில் தலை காட்ட முடியவில்லை.

என்ன நடந்தது என்றால், பின் அறையில் உங்கள் மாப்பிள்ளை வைத்திருந்த கம்ப்யூட்டர் உங்களுக்குத் தெரியும், வந்தபோதெல்லாம் “இது என்ன மாப்ளே, குளிர்சாதனப் பெட்டி மாதிரி எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கு” என்று கேட்பீர்களே, அதுதான். அதில் ஓடுவதற்குப் பேர் யுனிக்ஸாம். ஊரில் மற்றவர்கள் படத்தைப் பார்த்து அமுக்கி வேலை வாங்குவார்களாம், இவர்கள் எழுதித்தான் வேலை வாங்குவார்களாம். பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு வருகிற மனுஷன், வந்ததும் கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கேட்டால் “பேசிக்கிட்டிருக்கேன்” என்பார். என்னோடு பேசாத பேச்சு அதனோடு என்ன பேச்சு என்று நான் ஒரு வருஷம் சண்டை போட்டு, அப்புறம் சலித்து விட்டுவிட்டேன். இதே மாதிரி வீட்டில் யுனிக்ஸ் வைத்துக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளிடம் திட்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், அந்தச் சங்கத்துக்கு ஆபீஸ் நம்முடைய பின் அறை. ஊர் வாயையெல்லாம் திறக்க வைத்துவிட்டுத் தன் வாயை மட்டும் திறக்காத பல் டாக்டர், கணக்கு டீச்சர், வெயிலோ மழையோ குடை இல்லாமல் வராததால் குடை என்றே பேராகிப்போன ஒருத்தர், இன்னும் சிலர். ஞாயிறு மத்தியானம் வருவார்கள், டீ குடிப்பார்கள், திரையைப் பார்ப்பார்கள், போவார்கள். அவர்களுக்குள்ளே ஒரு பெருமை, யார் வீட்டு மெஷின் அணைக்காமல் அதிக நாள் ஓடுகிறது என்று. நம்முடையதுதான் முதல். மகள் கல்யாணத்துக்கு முந்திப் போட்டது, கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் தாங்கிக்கொள்ளும், பேத்தி பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அணைத்ததில்லை. அதை அணைக்காமல் ஓட்டிய மனுஷன்தான், எத்தனையோ பேரை மேலே ஏற்றி இறக்கியவர், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், இறங்கி வராமலே ஏறிப் போய்விட்டார்.

அவர் போன வார ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். துக்கத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று நானும் அழுதேன், டீ போட்டுக் கொடுத்தேன், பின் அறையில் போய் ஒரு பேச்சும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். என்ன பாசம் பார் என்று மறுபடியும் அழுதேன். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அண்ணா, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. தனியாக இருக்கும்போது கொட்டுகிற கண், ஆள் வந்து நிற்கும்போது காய்ந்துபோய் நிற்கிறது. இவ்வளவு தூரம் வந்தவர்கள், புருஷன் போய் மாசம் ஆகவில்லை, இவள் கல்லு மாதிரி நிற்கிறாளே என்று நினைக்க மாட்டார்களா? அதனால் அடுப்படிக்குள் போய் வெங்காயம் நறுக்கினேன். நறுக்கிவிட்டு அந்தக் கண்ணோடு டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடை எழுந்து நின்றுகொண்டு, “ஐயோ, அழாதீங்கம்மா” என்றார். அதிலிருந்து ஞாயிறு என்றால் எனக்கு முதல் வேலை வெங்காயம் உரிப்பது. வாரம் முழுக்க வெங்காயக் குழம்புதான் தின்றேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மாடி வீட்டுக்காரி படியில் நிறுத்திக் கேட்டாள். “ஏங்க, ஞாயித்துக்கிழமையானா உங்க வீட்டு வாசல்ல இத்தனை செருப்பு கிடக்கே, துக்கம் கேக்க வந்தவங்களா, சீட்டாட வந்தவங்களா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஞாயிறு மனசுக்குள் பொருமிக்கொண்டே டீயைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பின் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, அதுவும் அடக்க முடியாமல் பீறிடுகிற சிரிப்பு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கையில் துடைப்பத்தோடு அப்படியே உள்ளே போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டாமா? இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள் அண்ணா! வாயே திறக்காத பல் டாக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார், டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார்கள்.

பிடித்துக்கொண்டேன். “இது என்ன செத்த வீடா, சந்தைக்கடையா? கழுகுக்கு மூக்குல வேர்த்த மாதிரி வாரா வாரம் வந்துடறீங்களே, உங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா? அவர் இருந்தவரைக்கும் அவரைத் தின்னீங்க, இப்ப என் டீத்தூளைத் தின்ன வந்திருக்கீங்களா?” என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கை கூசுகிறது. அதோடு விட்டேனா? “இந்த எழவு மெஷின் இருக்கறதாலதானே வர்றீங்க” என்று சொல்லிக் குனிந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன்.

அண்ணா, இத்தனை வருஷமாக அந்த அறையில் விர்ரென்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கேட்டதே இல்லை. நின்றதும்தான் கேட்டது. குடை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். டீச்சர் மட்டும் மெதுவாக, “அதை அப்படி நிறுத்தக்கூடாதும்மா” என்றார்கள். “என் வீடு, என் பிளக்கு!” என்றேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். ஆனாலும் பாருங்கள், போகிற வழியில் டீ குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. நானே விரட்டிவிட்டு நானே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கத்தில் வெங்காயமும் நறுக்கிவிட்டேன், டீயும் பெரிய பாத்திரத்தில் போட்டுவிட்டேன். யாருக்கு என்று நினைத்ததும் கண் தானாகவே கொட்டியது, வெங்காயத்துக்குப் போட்டியாக.

மறுநாள் குடை வந்தார். மறந்து விட்டுப்போன குடையை எடுக்க வந்தாராம். வாசலோடு நின்றுகொண்டார். நான் வீராப்பாக, “என்ன, நேத்து ஒருத்தரையும் காணோம்?” என்றேன்.

“அழைப்பு வரலையேம்மா” என்றார்.

“நான் எப்ப அழைச்சேன்?”

“நீங்க இல்ல. அவரு.”

போனவர் எப்படி அழைப்பார் என்று கேட்டேன். குடை உள்ளே வந்து உட்கார்ந்து விளக்கினார். அந்த மெஷினுக்குள் ஒரு கடிகார வேலைக்காரன் இருக்கிறானாம், கிரான் என்று பேர். இன்ன கிழமை இன்ன நேரத்துக்கு இன்னதைச் செய் என்று ஒரு தடவை சொல்லி வைத்தால் போதுமாம், செய்துகொண்டே இருப்பானாம். “சொன்னவர் இருக்காரா இல்லையான்னு அவன் பாக்க மாட்டான்மா” என்றார். சனிக்கிழமை தவறாமல் எல்லார் வீட்டு மெஷினுக்கும் உங்கள் மாப்பிள்ளை பேரில் தகவல் போயிருக்கிறது. ‘நாளை கூட்டம். வழக்கம்போல் பின் அறை. டீ உண்டு. செருப்பை ஒழுங்காக விடவும், இல்லையென்றால் வீட்டம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.’

“முதல் வாரம் பாத்ததும் பல் டாக்டர் நாற்காலியிலேருந்து விழுந்துட்டார்” என்றார் குடை.

“சரி, மெஷின்தான் கூப்பிடுதுன்னு உங்களுக்குத் தெரியாதா? இதுல ஊறினவங்கதானே?”

“அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா வந்தீங்க?”

அவர் குடையை விரித்தார், மடக்கினார். “அவரு கூப்பிட்டு எப்படிம்மா வராம இருக்கறது? சரி, ஒரு வாரம் போய்ட்டு வந்துடலாம்னுதான் வந்தோம். வந்தா நீங்க அப்படி அழறீங்க. அடுத்த வாரம் அதைவிட அழறீங்க. நாங்க வரலைன்னா இந்தம்மா யார்கிட்ட அழுவாங்கன்னு டீச்சர்தான் சொன்னாங்க. பல் டாக்டர் ஞாயித்துக்கிழமை கிளினிக்கையே மூடிட்டு வந்தார்.”

அண்ணா, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவர்கள் வந்ததால் நான் வெங்காயம் நறுக்கி அழுதிருக்கிறேன், நான் அழுததால் அவர்கள் வந்திருக்கிறார்கள். வெங்காயத்தை அவரிடம் எப்படிச் சொல்வேன்? “அன்னைக்கு எதுக்குச் சிரிச்சீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

அதற்கும் உங்கள் மாப்பிள்ளைதான் காரணம். அஞ்சு மணி ஆனதும் திரையில் தானாக ஒரு வரி வருமாறு சொல்லி வைத்திருக்கிறார். ‘நேரம் ஆகிவிட்டது. துடைப்பம் வருமுன் எழுந்துவிடவும்.’ வாரா வாரம் அதைப் பார்த்துவிட்டு, துக்க வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்த வரி வந்த நேரம் பார்த்து வெளியே நான் கூட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. அப்புறம் கதவைத் திறந்துகொண்டு துடைப்பமே வந்து நின்றிருக்கிறது. யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

கிளம்பும்போது குடை மெஷின் பக்கம் பார்த்தார். “போட்டுப் பாப்பமா?” என்றேன். “அப்படிப் பிடுங்கினா சில சமயம் திரும்ப எழுந்திருக்காதும்மா. எனக்குப் பயமா இருக்கு” என்று குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவிட்டார். எனக்கும் பயம்தான். போட்டு அது எழுந்திருக்கவில்லை என்றால் ஒரே மனுஷன் ரெண்டு தடவை போன கணக்காகிவிடும், அதுவும் ரெண்டாம் தடவை என் கையால். அதனால் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அந்த மனுஷர்களைத் தெருவில் பார்த்தால் எந்த மூஞ்சியோடு பேசுவேன்? நேற்று பல்வலி வந்தது, டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாருங்கள். என் பீரோ, கட்டில், தையல் மெஷின், அந்த மெஷின். அதை மட்டும் யார் கண்ணிலும் படாமல் போர்வையில் சுற்றி ஏற்ற வேண்டும். அங்கே வந்து ஒரு மூலையில், நீங்கள் போடுவதைத் தின்றுவிட்டு, வாயைத் திறக்காமல் கிடப்பேன். அண்ணி நம்ப மாட்டார்கள், ஆனாலும் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம். எல்லாரும் என்னைவிட நாக்கை அடக்கி நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்த உங்கள் தங்கை

பின்குறிப்பு: ஸ்டாம்பு வாங்க மறந்து இந்தக் கடிதம் அலமாரியிலேயே கிடந்தது. அதற்குள் கணக்கு டீச்சர் வந்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் நேராகப் பின் அறைக்குப் போய்ப் போர்த்தியிருந்த துணியை எடுத்தார்கள். “வேண்டாம் டீச்சர், எழுந்திருக்கலைன்னா?” என்றேன். “ஒண்ணு எழுந்திருக்கும், இல்ல எழுந்திருக்காது. எதுன்னு தெரியாம எனக்கு டீ இறங்காது, பிளக்கை மாட்டுங்க” என்றார்கள். பிடுங்கிய கையாலேயே மாட்டினேன். கறுப்புத் திரையில் வரி வரியாக ஓட ஆரம்பித்தது, நின்றது, மறுபடி ஓடியது. “என்ன டீச்சர் பண்ணுது?” “மயங்கி விழுந்தவன் கை கால் எல்லாம் இருக்கான்னு தடவிப் பாப்பானில்ல, அதைப் பண்ணுது.” நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் விர்ரென்ற சத்தம் ஒரே சீராக வந்தது. டீச்சரிடம் வெங்காய விஷயத்தைச் சொல்லிவிட்டேன். “வாசனை வந்துதே, தெரியும்” என்றார்கள். அழைப்பில் அவர் பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். கூப்பிடுகிறவர் அவராகவே இருக்கட்டும், டீ மட்டும் என்னுடையது. சனிக்கிழமை அழைப்பு போய்விட்டது, பல் டாக்டர் நேற்றே பல்லைப் பார்த்து அனுப்பினார்.

ஆகையால் வேன் வேண்டாம். சும்மா வாருங்கள், ஞாயிறு மத்தியானமாக வாருங்கள், செருப்பை ஒழுங்காக விடுங்கள். வரும்போது வழக்கம்போல் மூட்டை கட்டி வெங்காயம் கொண்டுவராதீர்கள். இங்கே அதற்கு இப்போது வேலை இல்லை.