பத்திரிகையைப் பூட்டி அனுப்பிய மாப்பிள்ளை

கல்யாணப் பத்திரிகையைப் பூட்டி, சாவியைத் தனியாகத் தபாலில் அனுப்பிய மாப்பிள்ளை இந்தப் பூமியில் ஒருவர்தான். கேளம்பாக்கம் ஆபீஸில் அவர் எனக்கு எதிர் சீட்டு. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கலாம்; எங்களுக்கு அவர் பூட்டு. மெயிலில் வந்த பத்திரிகையைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது.

"இன்னா அண்ணாத்த, கல்யாணம் எங்க, எப்போ? ஒண்ணுமே தெரியலயே?"

"பாஸ்வேர்டு தபால்ல வந்துகினு கீது. பொறு மச்சான்."

நாலாம் நாள் வந்தது, ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு.

எங்கள் ஆபீஸின் வேலை எளிமையானது. கடற்கரையோர ஊர்களில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து, தினமும் காலை ஆறு மணிக்குச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அன்று ஆபரேஷன் ஆகப்போகிறவர்களின் ரிப்போர்ட்டும் அதில் இருக்கும். வழியில் யாரும் படித்துவிடாதபடி ஒரு சாஃப்ட்வேர் ஃபைலைப் பூட்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும் சாவியால் மட்டுமே அது திறக்கும். எல்லாம் மனிதக் கை படாமல் தானாக நடக்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் அதை அமைத்தவர் பூட்டு. அதனால் மனிதக் கை பட்டது.

அனுப்பியது நாங்கள்தான் என்பதற்கு ஃபைலின் மேல் எங்கள் முத்திரை விழ வேண்டும். முத்திரைக்கு ஒரு நீளமான பாஸ்வேர்டு. ஊரில் மற்றவர்கள் அதைக் கம்ப்யூட்டரிடமே ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். இவர் மூன்று வருஷம், ஒரு நாள் லீவு போடாமல், ஐந்தே முக்காலுக்கு வந்து, தலைக்கும் கீபோர்டுக்கும் சேர்த்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு தன் கையாலேயே அடித்தார். மனிதர் ஆவி பிடிக்கிறார் என்று நினைத்து, ஆபீஸ் பெருக்கும் அம்மா ஒருநாள் பக்கத்தில் தைலம் வைத்துவிட்டுப் போனார்.

அவரைக் கிறுக்கு என்று சொல்லிவிடவும் முடியாது. ஆரம்பத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள், தங்கள் சாவிக்குப் பொருந்தும் கம்ப்யூட்டர் பூட்டை, இதைப் போட்டு ஃபைலைப் பூட்டுங்கள் என்று மெயிலில் அனுப்பினார்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் நாற்பது எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. அதை ஆள் வாயால் கேட்டுச் சரிபார்க்காமல் இவர் கைவைக்க மாட்டார். வீடு இருக்கும் முட்டுக்காட்டிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில், மெயிலில் வந்த அடையாளத்தை இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அங்கிருந்தவர் தன்னிடம் இருந்ததைப் படித்து முடித்ததும், பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த அம்மா குறுக்கே புகுந்தார்.

"த பாரு நைனா, நீ படிக்கசொல்ல கடைசில எட்டுன்னு முடிச்ச. அந்தாளு மூணுன்றாரு. இன்னாத்துக்கு தலய ஆட்டிகினு கீற?"

உண்மைதான். அவர்கள் அனுப்பியிருந்தது சோதனைக்காகச் செய்து தூக்கிப்போட்ட பழைய பூட்டு. அதைப் போட்டிருந்தால் ஒரு ரிப்போர்ட்டும் அங்கே திறந்திருக்காது. அன்றிலிருந்து அந்த அம்மாவை எங்கே பார்த்தாலும் பூட்டு எழுந்து இடம் கொடுப்பார்.

இப்படிப்பட்டவருக்கு நாற்பத்திரண்டு வயதில் கல்யாணம் கூடியது. பெண் கடப்பாக்கத்தில் டீச்சர். மண்டபமும் அங்கேயே. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. ஃபைல் போகும் நேரமும் ஆறு. மேனேஜர் அம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "தாலி கட்டப்போறீங்களா, துண்டு போத்தப்போறீங்களா? ஒழுங்கா அது தானா போற மாதிரி பண்ணிட்டுப் போங்க."

பூட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்து மாற்றி அமைத்தார். இனி ஒருமுறை பாஸ்வேர்டை அடித்துவிட்டால், கம்ப்யூட்டர் அணையும்வரை அதை நினைவில் வைத்திருக்கும். அணைந்துவிட்டால்? அதற்கும் வழி செய்தார். பாஸ்வேர்டை இரண்டாக வெட்டி இரண்டு கவரில் ஒட்டினார். முதல் பாதி என்னிடம். இரண்டாம் பாதி கல்யாணப் பெண்ணிடம்.

"ஏன் அண்ணாத்த, மண்டபத்துல கீறவங்ககிட்டயா குடுப்பாங்க?"

"உன்னையும் அவங்களயும் வுட்டா நான் யார மச்சான் நம்பறது?"

கவரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று ஃபைலுக்குக் காவலாக நான் மட்டும் ஆபீஸில் இருந்தேன்; ஐந்தரைக்குக் கரண்டு போனது. யுபிஎஸ் முனகிவிட்டு உயிரை விட்டது. கரண்டு வந்தபோது ஆறாக ஐந்து நிமிஷம். கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்து பாஸ்வேர்டு கேட்டது. சென்னையில் எத்தனை பேர் வெறும் வயிற்றோடு ஆபரேஷனுக்குப் படுத்திருக்கிறார்களோ என்ற நினைப்பு விரட்டியது. கவரைக் கிழித்தேன். தமிழ் வாக்கியம், ஆங்கில எழுத்தில்: 'முட்டுக்காட்டுல ஜோடி ஜோடியா போட்ல போறாங்கோ'. இது என்ன கூத்து என்று நினைத்தபடியே அடித்துவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம்.

"அண்ணாத்த, கம்ப்யூட்டரு ஆஃப் ஆயிடுச்சு! மீதி பாதி சொல்லு!"

"நீதான் பேசறேன்னு இன்னா ஆதாரம்?"

"யோவ், பேஜாரு பண்ணாதய்யா! போன வாரம் உன் டிபன் பாக்ஸுலேர்ந்து வடைய எடுத்தவன்யா!"

"அது நீதானா? சரி, நீதான். ஆனா இங்க எல்லாரும் கேட்டுகினு கீறாங்கோ, எப்டிரா சொல்றது?"

போன் கை மாறியது. "அண்ணா, நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றார் மணப்பெண். கவர் கிழிபடும் சத்தம் கேட்டது. வகுப்பில் பாடம் படிக்கும் குரலில், நிறுத்தி நிதானமாகப் படித்தார். அவர் முன்னால் ஐயரின் மைக் ஆன் ஆகி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"நமக்கெல்லாம் எங்க கல்யாணம் ஆவப்போவுது."

மண்டபம் முழுக்க ஸ்பீக்கரில் ஒலித்தது. ஒரு நொடி நாதஸ்வரமே நின்றுபோனது. பிறகு எழுந்த சிரிப்பு போன் வழியாக என் காதை அடைத்தது. மணப்பெண்ணும் சிரித்தார், சிரித்துக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாக டிக்டேஷன் கொடுத்தார். கடைசி எழுத்தை அடித்தேன். முத்திரை விழுந்து ஃபைல் போனது, ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு. அந்தப் பக்கம் கெட்டிமேளம் கேட்டது.

ஆளில்லாத ஆபீஸில் இரண்டு பாதியையும் சேர்த்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். மூன்று வருஷம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மனிதர் தினமும் விடியலில் இதையா அடித்துக்கொண்டிருந்தார்?

லீவு முடிந்து வந்ததும் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினார். புதிது என்னவென்று எனக்குத் தெரியாது. எப்போதாவது கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தால் மட்டும் அடிக்கிறார். அடிக்கும்போது துண்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. எனக்கு அது போதும்.