மூவாயிரத்துக்கு மேலே ஒரு கரண்டி

விருந்தாளி "காணும், போதும்" என்று சொன்னால் நம்பக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். காணும் என்ற பிறகு இரண்டு கரண்டி வைத்தால்தான் எங்கள் வீட்டில் அது சாப்பாடு. இந்தக் கைப்பழக்கத்தோடு கனடாவில், மொன்றியலில் நான் போய்ச் சேர்ந்த வேலையோ, தண்ணீருக்கடியில் நீந்தும் சுழியோடிகளின் காற்றுச் சிலிண்டர்களை நிரப்புவது.

கடை ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட. முதலாளி லூக் முதல் நாளே காற்றழுத்த மானியில் இருந்த சிவப்புக் கோட்டைத் தட்டிக் காட்டினார். மூவாயிரம். அதற்கு மேல் ஒரு மூச்சும் ஏற்றக் கூடாது. நானும் "வி, வி" என்று தலையாட்டினேன். (அப்போது என் பிரெஞ்சு மொத்தமும் அவ்வளவுதான்.)

அந்த நாட்களில் நானும் சுகியும் கலியாணம் செய்வதென்று முடிவெடுத்திருந்தோம். முடிவெடுக்காத ஒரே ஆள் அவளது தமையன் ஜெயண்ணை. திருகோணமலைக்காரர், மொன்றியல் துறைமுகத்தில் வேலை, ஞாயிறுகளில் ஆற்றுக்குள் சுழியோடுவார். தகப்பன் இல்லாத வீட்டில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

"அண்ணா சிலிண்டர் நிரப்புற சாட்டில உங்களைப் பாக்கத்தான் வாறார். ஒண்டும் கூடுதலாச் செய்யாதேங்கோ" என்று சுகி தொலைபேசியில் எச்சரித்தாள்.

ஆரிடம் சொல்கிறாள் பாருங்கள்!

ஜெயண்ணை வந்தார். பெரிய மீசை, மருந்துக்கும் சிரிப்பில்லை. பழைய சிலிண்டரை என் முன்னால் தொப்பென்று வைத்தார்.

"நிரப்பும் தம்பி. மூவாயிரம் காணும்."

காணும் என்றாரா? என் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. பெண் கொடுக்கப் போகிற மனிசனுக்குக் கோட்டோடு அளந்து கொடுத்தால் கஞ்சன் என்று நினைக்க மாட்டாரா? மூவாயிரத்து இருநூறு. நிமிர்ந்து பார்த்தேன், அவர் இன்னும் சிரிக்கவில்லை. மூவாயிரத்து ஐந்நூறு. சரி, சுகிக்காக இன்னும் கொஞ்சம்.

சிலிண்டரின் கழுத்தில் சின்னதாக ஒரு செப்புத் தகடு இருக்கும். காற்று அளவு மீறினால், சிலிண்டர் வெடிக்காமல் இந்தத் தகடு கிழிந்து காற்றை வெளியே விடும். ஜெயண்ணையின் தகட்டுக்கு என்ன வயதோ, மூவாயிரத்து எண்ணூறில் அது "காணுமடா சாமி" என்று கையை விரித்துவிட்டது.

டமார்! பின்னால் ஊரையே கூப்பிடுகிற ஒரு சீறல். சுவரில் தொங்கிய நீச்சல் கண்ணாடிகள் பறந்தன. லூக் வாயைப் பிளந்தபடி நின்றார். நான் நிலத்தில் குப்புறக் கிடந்தேன், காதைப் பொத்தி, வாயைத் திறந்து, சண்டைக் காலத்தில் ஊரில் ஷெல்லடிக்குப் பழகியபடி அச்சொட்டாக. எப்போது விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் இன்னொரு ஆள் அதே மாதிரிக் கிடக்கிறார். மீசை நிலத்தில் முட்ட, ஜெயண்ணை!

முடிந்தது என் கலியாணம் என்று நினைத்தேன். அழுகையே வந்துவிட்டது.

"தம்பி," என்றார் கிடந்தபடியே. "எங்கை பழகினனீர்?"

"பருத்தித்துறையில, அண்ணை."

"என்னைவிடக் கெதியா விழுந்திட்டீர்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. கொஞ்சம் கூட வைச்சிட்டன்."

"என்னது, கூட வைச்சனீரோ? காத்தையோ?"

அவ்வளவுதான். மனிசன் வயிறு நிலத்தில் குலுங்கக் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. லூக் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

வேலை அன்றோடு போயிற்று. வீட்டுக்குப் போன ஜெயண்ணை சுகியிடம் சொன்னாராம்: "விசரன்தான், முழுப் பைத்தியம். எண்டாலும் எங்கடை விசரன். கட்டு."

இப்போதும் அவர் சாப்பிட வந்தால், சோற்றுக் கோப்பையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு "மூவாயிரம் தம்பி, மூவாயிரம்!" என்று கத்துவார். நான் கரண்டியோடு இன்னும் கிட்டப் போனால், என் எட்டு வயது மகள் கதிரையிலிருந்து இறங்கி, காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குப்புறப் படுத்துவிடுவாள். அவளுக்கு அது வெறும் விளையாட்டு. அந்தச் சந்தோஷத்தில் நான் இன்னொரு கரண்டி வைத்துவிடுவேன்.