அரசருக்கு அரை நாள் துக்கம்

இறந்தவர்களை மதிக்கத் தெரிந்தவர்கள் உலக வரலாற்றில் இரண்டே தரப்பினர். பண்டைய எகிப்தியர்கள் ஒன்று. பொம்மனஹள்ளியில் இருக்கும் எங்கள் மென்பொருள் நிறுவனம் மற்றொன்று. அதன் மனிதவள அதிகாரி என்ற முறையில் இதை நான் 2004ஆம் ஆண்டிலேயே கண்ணாரக் கண்டேன்.

அந்த வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் 'எகிப்து அரசரின் கல்லறைக்குள் ஓர் அனுபவம்' என்று கண்காட்சி போட்டிருந்தார்கள். மேலாளர் சேஷகிரி உடனே அதைக் 'குழு உணர்வு மேம்பாட்டுத் திட்டம்' ஆக்கிவிட்டார். பன்னிரண்டு பேர், ஒரு வேன்.

வேன் ஓட்டுநர் எத்திராஜ், மர்பி டவுன்காரர். கிளம்பும் முன் சேஷகிரியிடம் வந்தார்.

"சார், இன்னிக்கி எங்கப்பாக்கு மூணாம் நாளு. புதைச்ச எடத்துல பால் ஊத்தணும். மதியம் வரைக்கும் விட்டா போதும்."

"அடப்பாவமே. ஆனா குரூப் டிக்கெட் எடுத்தாச்சேப்பா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. சாயங்காலம் ஊத்தினா அப்பா கோவிச்சுக்கவா போறார்?"

என்ன கனிவு! நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மண்டபத்தில் மாப்பிள்ளை அறைதான் சவ அறை. தெர்மாகோல் தூண்கள், சாம்பிராணிப் புகை, ஒலிபெருக்கியில் யாரோ அழும் சத்தம். நடுவில் துணி சுற்றிய பொம்மை. அரசருக்கு ஒரு நிமிட மௌனம் என்றார்கள், நின்றோம். சேஷகிரி மூக்கை உறிஞ்சினார்.

"மூவாயிரம் வருஷம் முன்னாடியே செத்தவங்களுக்கு எவ்ளோ மரியாதை பண்ணிருக்கான் பாருங்க. நம்மகிட்ட அந்த கல்ச்சரே இல்ல."

வெளியே வந்ததும் அவருக்கு ஒரு பொறி தட்டியது.

"கல்லறைக்குள்ள போய்ட்டு வந்திருக்கோம். குளிக்காம ஆபீஸ் போகக் கூடாது. சர்வர் ரூம்ல பிள்ளையார் இருக்கார்."

"அது தெர்மாகோல் சார்," என்றாள் வைஷ்ணவி. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவள், விவரம் தெரியாது.

"தெர்மாகோல்னாலும் தீட்டு தீட்டுதாம்மா."

மண்டபப் படியிலேயே அவசரக் கூட்டம். ஐந்து நிமிடத்தில் 'துக்க நீராடல் விடுப்பு', அரை நாள், ஒருமனதாக நிறைவேறியது. எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட வேண்டியவர் எத்திராஜ்.

"அவர மொதல்ல அனுப்பிடலாமே சார்?" என்றாள் வைஷ்ணவி.

"அப்புறம் நம்மள யாரு எறக்கி விடுறது?" என்றார் சேஷகிரி.

ரிச்சர்ட்ஸ் டவுனில் தொடங்கி ஊரையே சுற்றி, ஓசூர் சாலை நெரிசலில் ஊர்ந்து, கடைசியாக என்னை இறக்கியபோது மணி ஆறரை.

"இந்நேரம் மயானத்து கேட்ட பூட்டிருப்பாங்க சார்," என்றார் எத்திராஜ். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நாளைக்காச்சும் காலைல ரெண்டு அவர் விடுறீங்களா?"

"எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

மறுநாள் என் மேஜையில் பதின்மூன்று விண்ணப்பங்கள். 'இறந்தவர் யார்' என்ற கட்டத்தில் பன்னிரண்டு பேர் 'எகிப்து அரசர்' என்று எழுதியிருந்தோம். ஆம், என்னுடையதும் சேர்த்துத்தான். பன்னிரண்டிலும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டேன்.

பதின்மூன்றாவதில் 'அப்பா' என்றிருந்தது. விதி என்றால் விதிதானே. அரசர் செத்ததற்கு எங்களிடம் நுழைவுச்சீட்டு இருந்தது. எத்திராஜின் அப்பா செத்ததற்கு எத்திராஜ் மட்டும்தான் இருந்தார். 'ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.