நானூற்றுப் பதினேழாம் நம்பர் புகார்

காஜா பேராங், மலாக்கா
12.3.1958

அன்புள்ள தம்பி நடராஜனுக்கு அக்கா பூங்காவனம் எழுதுவது. நீயும் ஜெயாவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டேன். இங்கே நலம் என்று எழுதுவது வழக்கம். உன் மச்சான் போய் எட்டு வாரம்கூட ஆகாத வீட்டிலிருந்து அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பின்கட்டுப் பைப்பு ஒழுகுகிறது.

மார்கழியில் ஒழுக ஆரம்பித்தது. அவர்தான் தண்ணி ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். அங்கே பெரிய புத்தகத்தில் பேர் எழுதி, நானூற்றுப் பதினேழு என்று நம்பர் போட்ட சீட்டும் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் காலண்டரில் குத்தி வைத்துவிட்டு, "நம்பர் குடுத்துட்டான்ல, இனி ஒழுகுறத அவன் பாத்துக்குவான்" என்று நிம்மதியாக வெற்றிலை போட்டார். பைப்புக்கு நம்பர் வந்தது தெரியவில்லை, அது பாட்டுக்கு ஒழுகியது. பொங்கல் முடிந்த வாரம் அவருக்கு நெஞ்சு அடைத்தது, அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் ஸ்பானரோடு ஒரு ஆள். அப்பாசாமி என்று பேராம், பைப்பு ரிப்பேர்காரர். "பொன்னுதுரை எங்க? வேலைக்கு முன்னால ஒரு கையெழுத்து, வேலைக்குப் பின்னால ஒரு கையெழுத்து, அவர்தான் போடணும்" என்றார். பக்கத்து வீட்டு மீனாச்சி மாலை போட்ட படத்தைக் காட்டி, "அந்தா இருக்காரு, கேட்டுப் பாருங்க" என்றாள். அந்த மனுசன் ஸ்பானரைக் கீழே வைத்து, படத்தைக் கும்பிட்டு, இலை போட்டதும் உட்கார்ந்து இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டார். பைப்பை மட்டும் தொடவில்லை. "புகார் குடுத்த ஆளு இல்லாம கை வைக்கக்கூடாதும்மா, ரூல்ஸ் லா" என்று சொல்லி, சீட்டில் 'ஆள் வீட்டில் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நான் மீனாச்சியைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே சன்னலுக்குப் பின்னால் புகார்ப் புத்தகம் எழுதுகிற சேதுராமன் என்று ஒரு கிராணி. யார் பேரில் புகார் என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்தில் நான் அவர் பேரை வாயால் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். மீனாச்சிதான் சொன்னாள். கிராணி சீட்டைப் பார்த்து, "ஆள் வீட்டில் இல்லைன்னு இருக்கே, எப்ப வருவாரு?" என்றார். வரமாட்டார் என்றேன். "அப்ப வெளியூர் போனா முன்கூட்டியே சொல்லணும்மா" என்றார். மீனாச்சி விஷயத்தைப் போட்டு உடைத்ததும் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனுசன், கண் கலங்கினார். ஆனால் கலங்கின கண்ணோடேயே ரூல்ஸ் சொன்னார். கெட்டுப்போனதைச் சொல்ல வெள்ளைச் சீட்டாம், பேர் மாற்ற மஞ்சள் சீட்டாம். மஞ்சள் சீட்டில் பழைய ஆள் கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லையென்றால் சாவுப் பத்திரம் கொண்டுவந்து காட்டினால், அவர் பேரைச் சிவப்பு மையில் அடித்து, 'முடிந்தது' என்று முத்திரை குத்தி, என் பேரில் புது நம்பர் போட்டு வரிசையின் வாலில் வைப்பார்களாம். வரிசையும் லேசுப்பட்டது இல்லை. சீட்டுகளைக் கட்டி வைக்க ஆஸ்பத்திரிப் பைப்புக்குச் சிவப்புக் கயிறு, கடைகளுக்கு நீலக் கயிறு, நம்மைப்போன்ற வீடுகளுக்குக் கயிறே கிடையாது. சரியாகாத பைப்புக்கு எப்படி முடிந்தது என்று குத்துவீங்க, ஒழுகுதே என்று கேட்டேன். "பைப்பு வேற, சீட்டு வேற அக்கா" என்றார். வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா, சுதந்திரம் என்று வந்தும் கயிறெல்லாம் அப்படியே இருக்கிறது.

அன்றிலிருந்து செவ்வாய்க்குச் செவ்வாய் போகிறேன். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தால் பத்து மணி வாக்கில் கிராணி புத்தகத்தைத் திறந்து, "நானூத்திப் பதினேழு, பொன்னுதுரை! பொன்னுதுரை இருக்காரா?" என்று கூப்பிடுவார். நான் எழுந்து போவேன். பத்திரம் கொண்டுவந்தீங்களா என்பார். வீட்டில் இருக்கிறது என்பேன். "அடுத்த வாரம் வாங்கக்கா" என்பார். நேற்றும் அப்படித்தான்.

அதனால் தம்பி, நீ இங்கிலீசு படித்தவன், கோலாலம்பூரில் பெரிய ஆபீசில் இருக்கிறவன். இங்கே உள்ள பெரியவருக்கு ஒரு கடிதம் போட்டு, இந்த நானூற்றுப் பதினேழை எப்படியாவது முடித்துக் கொடு. மூன்றாவது வகுப்போடு நின்ற எனக்கு எந்தச் சீட்டு எந்தத் தட்டுக்குப் போகிறது என்று விளங்கவில்லை.

ஜெயாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும்.

உன் அக்கா,
பூங்காவனம்

எழுத விட்டுப்போனது: இவ்வளவு எழுதின தாளைக் கிழிக்க மனசில்லாமல்தான் அனுப்புகிறேன், நீ ஒன்றும் எழுதிவிடாதே. பைப்பு இப்போது ஒழுகவில்லை. மீனாச்சி புருசன் போன மாசமே சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிவிட்டார், ஒரு சொட்டு இல்லை. சாவுப் பத்திரமும் வீட்டில் இல்லை, முதல் நாளிலிருந்து என் பையிலேயேதான் இருக்கிறது. அதைக் கொடுத்தால் சிவப்பு மை போட்டுவிடுவார்கள். கோயிலில், கடையில், மீனாச்சி வீட்டில், எல்லாரும் இப்போது 'அவரு' என்றுதான் சொல்கிறார்கள், இல்லை பேச்சை மாற்றுகிறார்கள். அந்தச் சன்னலில் ஒருத்தர்தான் இன்னும் சத்தமாக அவர் பேரைச் சொல்லி, இருக்காரா என்று கேட்கிறார். அந்தப் புத்தகம் அப்படியே கிடக்கட்டும். வருகிற செவ்வாய் நான் போக வேண்டும்.